கேட்கத் தெரிந்த நடிகர்

1950களின் கடைசியில் சென்னையில் ஒரு கூட்டம் இருந்தது. காலையில் ஆபீஸ் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்; மாலையில் மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஒத்திகைக்கு ஓடும். ரயில்வே, ஏஜிஎஸ் ஆபீஸ் எனும் கணக்காயர் அலுவலகம், வங்கி, தந்தி அலுவலகம் என்று எங்கெங்கோ குமாஸ்தாவாக இருந்தவர்கள், வாரக் கடைசியில் மயிலாப்பூர் ரசிக ரஞ்சனி சபாவிலும் தி.நகர் வாணி மகாலிலும் எழும்பூர் மியூசியம் தியேட்டரிலும் அரிதாரம் பூசி நின்றார்கள். நாடகத்தால் வீட்டில் அடுப்பு எரிந்ததில்லை. சிலருக்கு வண்டிச் சத்தம்கூடக் கைக்காசுதான். அப்படி ஓடியவர்களில் ஒருவர் ரயில்வே குமாஸ்தா நாகேஸ்வரன், பின்னாளின் நாகேஷ். ஒல்லிக்குச்சி உடம்பு, முகம் நிறைய அம்மைத் தழும்பு. சினிமாவில் அன்றைக்கு ஒரு நடிகனுக்கு எதெல்லாம் வேண்டும் என்று நினைத்தார்களோ, அதில் எதுவுமே அவரிடம் இல்லை.

நாகேஷ் என்றதும் தமிழர்களுக்கு முதலில் சிரிப்பு வருகிறது. அது நியாயமான மரியாதைதான். ஆனால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அவர் உடம்பை வளைத்ததிலிருந்தோ வசனத்தை வேகமாகப் பேசியதிலிருந்தோ மட்டும் வரவில்லை. எதிரில் நிற்பவர் பேசும்போது நாகேஷ் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த வார்த்தை காதில் விழுந்து, மனதில் இறங்கி, முகத்துக்கு வந்து, கைகால்களுக்குப் போகும். அதற்குப் பிறகுதான் பதில் வரும். இது சபா மேடை கற்றுக்கொடுத்த வித்தை.

அவருக்கு முந்தைய தலைமுறை வேறு பள்ளிக்கூடத்தில் படித்தது. சிவாஜி கணேசன், எம்.ஜி.ஆர்., டி.எஸ்.பாலையா, எம்.என்.நம்பியார், வி.கே.ராமசாமி எல்லோரும் சிறுவயதிலேயே நாடகக் கம்பெனிகளில் சேர்ந்தவர்கள். பாட்டு, கத்திச்சண்டை, பக்கம் பக்கமான வசனம், கொட்டகையின் கடைசித் தரை டிக்கெட்காரருக்கும் கேட்கும் குரல் என்று எல்லாம் அங்கே கிடைத்த பயிற்சி. சபா அப்படியில்லை. அரங்கம் சின்னது. தலைக்கு மேல் மைக் தொங்கும். வந்து உட்கார்ந்திருப்பவர்கள் செய்தித்தாள் வாசித்துவிட்டு, ஆபீஸ் அரசியல் பேசிவிட்டு வந்தவர்கள். அவர்களுக்குப் புருவத்தை லேசாக உயர்த்தினாலே போதும், மூன்றாவது வரிசையில் சிரிப்பு கிளம்பிவிடும். சிரிப்பு அடங்கும்வரை எத்தனை நொடி நிற்க வேண்டும், எப்போது அடுத்த வரியை எடுக்க வேண்டும் என்ற கணக்கு அங்கே ரத்தத்தில் ஊறிவிடும்.

நாகேஷ் பிறந்தது 1933 செப்டம்பர் 27, தாராபுரத்தில். கன்னடம் பேசும் பிராமணக் குடும்பம். அப்பா கிருஷ்ண ராவுக்குக் கர்நாடகத்தின் அரசிக்கரே ரயில் நிலையத்தில் வேலை. கோயம்புத்தூரில் கல்லூரிப் படிப்பு நடந்துகொண்டிருந்தபோது அம்மை நோய் தாக்கி முகத்தை மாற்றிவிட்டுப் போனது. வீட்டை விட்டுக் கிளம்பி ஊர் ஊராகச் சுற்றிச் சின்னச் சின்ன வேலைகள் பார்த்து, கடைசியில் சென்னை ரயில்வேயில் உட்கார்ந்தார். சொந்தக்காரர் செல்வாக்கோ சினிமா அறிமுகமோ கையில் இல்லாத ஒருவருக்கு, ஆபீஸ் நாடகம்தான் திறந்திருந்த ஒரே கதவு.

ரயில்வே ஊழியர்கள் போட்ட ஒரு நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது வயிற்றுவலி நோயாளி வேடம். மேடையில் சில நிமிடம்தான். டாக்டரிடம் வந்து வலி தாங்காமல் துடிக்க வேண்டும், அவ்வளவே. அன்று தலைமை தாங்க வந்திருந்தவர் எம்.ஜி.ஆர். நாடகம் முடிந்து பேசும்போது, நாயகனை விட்டுவிட்டு அந்த ஒல்லி நோயாளியைத் தனியே குறிப்பிட்டுப் பாராட்டி, கோப்பையும் அவருக்கே கொடுத்தார். பிற்காலத்தில் இருவரும் 'படகோட்டி', 'எங்க வீட்டுப் பிள்ளை', 'அன்பே வா', 'உலகம் சுற்றும் வாலிபன்' என்று வரிசையாகச் சேர்ந்து நடிப்பார்கள் என்று அன்று அந்த அரங்கில் யார் நினைத்திருப்பார்கள்!

அப்போது அவர் தங்கியிருந்தது தி.நகரில். கிளப் ஹவுஸ் என்று அழைக்கப்பட்ட விடுதியில் ஸ்ரீரங்கத்திலிருந்து பாட்டெழுத வந்திருந்த வாலி, நாடக ஆசையோடு இருந்த ஸ்ரீகாந்த் ஆகியோர் நண்பர்கள். யாருக்கு அன்று கொஞ்சம் காசு வந்ததோ அவர் மற்றவர்களுக்குச் சாப்பாடு வாங்கித் தருவார். வாலி இதைப் பல மேடைகளில் மனம் திறந்து சொல்லியிருக்கிறார். நாகேஷ் தனக்குச் சோறு போட்டவர் என்று சொல்ல அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. சில ஆண்டுகளில் அந்த விடுதிக்காரர்கள் தமிழ் சினிமாவின் தவிர்க்க முடியாத பெயர்களானார்கள். 'சர்வர் சுந்தரம்' படத்துக்கு வாலி பாட்டெழுத, நாகேஷ் அதற்கு ஆட, மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதனும் பின்னணி பாடிய டி.எம்.சௌந்தரராஜனும் திரையிலேயே தோன்றினார்கள். பாட்டுப் பதிவு எப்படி நடக்கிறது என்பதை ஜனங்களுக்கு அப்படியே காட்டிய காட்சி அது.

இன்னொரு குமாஸ்தாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நன்னிலம் பக்கத்திலிருந்து வந்து ஏஜிஎஸ் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு, ராகினி ரிக்ரியேஷன்ஸ் என்ற குழுவுக்காக நாடகம் எழுதிக்கொண்டிருந்த கே.பாலசந்தர். 'மேஜர் சந்திரகாந்த்', 'நீர்க்குமிழி', 'சர்வர் சுந்தரம்', 'மெழுகுவர்த்தி', 'எதிர்நீச்சல்', 'நவகிரகம்' என்று சபாக்களை நிரப்பிய நாடகங்கள் அவருடையவை. நாகேஷின் முகத்தைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பை யோசித்தபோது பாலசந்தர் கதையை யோசித்தார். ஹோட்டலில் காபி டம்ளர்களை அடுக்கிக்கொண்டு ஓடும் சர்வர், அழகில்லாதவன், ஒரு பெண்ணை மனதுக்குள் நேசிக்கிறான். அவள் மனம் அவன் நண்பனிடம் இருக்கிறது. அவனோ சினிமா நடிகனாகப் புகழ் பெறுகிறான். 1964-ல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிப் படமாக வந்தபோது, தமிழ்நாடு முழுக்க அந்த சர்வருக்காகக் கண்கலங்கியது. நாகேஷ் அப்போது கதாநாயகன். ஆனால் கதாநாயகனுக்குரிய முகப்பூச்சு எதையும் அவர் மேல் யாரும் பூசவில்லை.

அடுத்த ஆண்டு பாலசந்தர் முதன்முதலாகத் தானே இயக்கிய படம் 'நீர்க்குமிழி'. ஏறத்தாழ முழுக் கதையும் ஓர் ஆஸ்பத்திரிக்குள் நடக்கிறது. படுக்கை படுக்கையாகப் போய் எல்லோரையும் கலகலப்பாக்கும் சேது என்ற நோயாளியாக நாகேஷ். அவன் உடலுக்குள் புற்றுநோய் வளர்கிறது. படம் முழுக்க நம்மைச் சிரிக்கவைக்கும் ஒருவன் கண்முன்னே தேய்ந்துபோவதைப் பார்ப்பது 1965-ல் தமிழ் ரசிகர்களுக்குப் புது அனுபவம். செட்டு அதிகமில்லை, வெளிப்புறக் காட்சி அதிகமில்லை. நாடகத்தைப் படம் பிடித்ததுபோல் இருக்கிறது என்று சிலர் குறை சொல்வதுண்டு. குறையாகவே இருக்கட்டும், சபா மேடையில் நாகேஷ் எப்படி நின்றிருப்பார், எவ்வளவு நேரம் இடைவெளி விட்டிருப்பார் என்று நாம் ஊகிக்க உதவும் மிக நெருக்கமான ஆவணம் அந்தப் படம்தான். எனக்கு அதுவே பெரிய கொடையாகப் படுகிறது.

1968-ல் வந்த 'எதிர்நீச்சல்' இன்னும் ஒருபடி மேல். ஒண்டுக்குடித்தன வீடு ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டு, வீட்டில் உள்ள அத்தனை குடும்பங்களுக்கும் எடுபிடி வேலை செய்து, மிஞ்சியதைச் சாப்பிட்டுக் கல்லூரியில் படிக்கும் அநாதைப் பையன் மாது. கிட்டு மாமாவாக ஸ்ரீகாந்த், பட்டு மாமியாக சௌகார் ஜானகி. இப்படிப்பட்ட வீடுகள் அன்று மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மாம்பலம் தெருக்களில் நிறைய. படம் பார்க்க வந்தவர்களில் பலர் அங்கிருந்தே வந்திருப்பார்கள். யாராவது கூப்பிட்டால் மாதுவின் உடம்பு முதலில் எழும். முகம் பின்னால்தான் அந்தப் பக்கம் திரும்பும். பிறர் வீட்டில் அண்டிப் பிழைத்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும்.

இதற்கு முன்பே இயக்குநர் ஸ்ரீதர் வேறொரு நாகேஷைக் கண்டுபிடித்திருந்தார். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) வார்டு பாயாக நன்றாகக் கவனிக்கப்பட்டவரை, 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) சொந்தப் படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக்கினார். கம்பெனி பெயர் ஓஹோ புரொடக்ஷன்ஸ். காசு வேண்டி அப்பா விஸ்வநாதனாக வரும் டி.எஸ்.பாலையாவிடம் திகில் கதை சொல்லும் காட்சியை அறுபது ஆண்டுகளாகத் தமிழர்கள் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாகேஷ் வாயாலேயே காற்றும் கதவும் காலடியும் எழுப்புகிறார். பாலையா வார்த்தை பேசாமல் சுருங்கிச் சுருங்கிப் போகிறார். நாடகக் கம்பெனியில் வளர்ந்த பெரியவரும் சபாவில் வளர்ந்த இளைஞரும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருவர் மூச்சுக்கு மற்றவர் இடம்கொடுத்து நடித்த காட்சி. நாகேஷின் குரல் எந்த இடத்தில் தாழ்கிறது என்று பாருங்கள். பாலையாவின் கண் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் அது தாழ்கிறது.

தருமியைச் சொல்லாமல் முடியுமா? ஏ.பி.நாகராஜனின் 'திருவிளையாடல்' (1965) படத்துக்கு நாகேஷ் கொடுத்த கால்ஷீட் ஒன்றரை நாள். மதுரைக் கோயிலில் ஏழைப் புலவன் ஒருவன் தனக்குத்தானே புலம்பிக்கொண்டு நிற்கிறான். எதிரில் வருபவர் சிவபெருமானாக சிவாஜி கணேசன். அந்தப் புலம்பலுக்கு மூலம் மயிலாப்பூரில் கிடைத்தது. அங்கே தானாகப் பேசிக்கொண்டு திரிந்த ஒருவரை நாகேஷ் கவனித்து வைத்திருந்தார். படப்பிடிப்புத் தளத்தில் இரண்டு உதவி இயக்குநர்கள் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. எதிர்காலம் என்ன ஆகுமோ என்ற அவர்களுடைய கவலையையும் சேர்த்துக்கொண்டார். மயிலாப்பூர்க்காரரின் நடையும், கோடம்பாக்கத்து இளைஞரின் அவநம்பிக்கையும், சங்ககாலப் புலவனின் பசியும் ஓர் உடம்பில் கலந்தன.

நாகேஷ் முன்னால் சிவாஜி கொஞ்சம் மங்கிப்போகிறாரே, காட்சியைக் குறைக்கலாமா என்ற பேச்சு எழுந்ததாகவும், சிவாஜியே அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, ஓர் அடிகூட வெட்டக்கூடாது என்று சொன்னதாகவும் திரையுலகில் இன்றும் பேசுவார்கள். அந்தப் பெருந்தன்மையால் நமக்குக் கிடைத்தது பெரியது. கேள்விகளை அடுக்கும்போது தருமி துள்ளுகிறான். பதில் வரும்போதோ ஒவ்வொரு பதிலுக்கும் அவன் முகத்தில் வேறொரு கலக்கம். தமிழ் அத்தனையும் தெரிந்த ஒருவன் தன் எதிரில் நிற்கிறான் என்பது கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்கு உறைக்கிறது. சிவாஜியின் கம்பீரத்தை உயர்த்திக் காட்டுவதே நாகேஷ் கேட்கும் விதம்தான். மங்கினார் என்று சொன்னவர்கள் காட்சியைச் சரியாகப் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

இதே இருவர் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்திலும் இருக்கிறார்கள். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையின் சவடால் வைத்தி, நாட்டியக்காரியைப் பணக்காரர்களிடம் சேர்த்துவிடத் துடிக்கும் தரகன். கதையில் அவன் செய்வது கொடுமை. பார்ப்பவர்களோ சிரிக்கிறார்கள், சிரித்துக்கொண்டே அவனை வெறுக்கிறார்கள். குழைவும் தந்திரமும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த நடிப்பு. நகைச்சுவை நடிகர் வில்லனானார் என்று 1989-ல் 'அபூர்வ சகோதரர்கள்' வந்தபோது எல்லோரும் வியந்தார்கள். வைத்தியை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு அதில் வியப்பு இருந்திருக்காது.

நாகேஷை அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸோடு ஒப்பிடுவது அப்போது வழக்கமாக இருந்தது. கைகால்களைப் பிரித்துப் போட்டதுபோல் ஆடும் ஆட்டத்தில் அந்தச் சாயல் உண்டு. ஆனால் விழுந்தாலும் எழுந்தாலும் முகத்தில் சலனம் காட்டாத மௌனப்பட நடிகர் பஸ்டர் கீட்டனும் அவருக்குள் ஒளிந்திருந்தார். அது வெளியே வர 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையில் தாழ்ந்த காலமும் வந்தது. எழுபதுகளில் தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று புதிய அலை. நாகேஷுக்குப் படங்கள் குறைந்தன. தி.நகரில் அவர் பெயரிலேயே ஒரு தியேட்டர் எழுந்தது. பின்னாளில் அதுவும் மூடப்பட்டது. பாலசந்தர் மட்டும் விடாமல் அழைத்தார். 'அபூர்வ ராகங்கள்' (1975) படத்தில் ஊருக்கு ஒழுங்கான டாக்டர், தனிமையில் குடிகாரர். சுவரில் விழும் தன் நிழலோடு கோப்பையை மோதிக் குடிக்கிறாரே, அந்தக் காட்சியில் கூட நடிக்க ஆளில்லை. ஆளில்லாத இடத்திலும் அவருக்குக் கேட்க ஒரு எதிராளி தேவைப்பட்டது, நிழலை எடுத்துக்கொண்டார்.

அந்தப் படத்தில் இளைஞனாக வந்த கமல்ஹாசன்தான் நாகேஷின் கடைசிப் பகுதிக்குப் பொறுப்பேற்றுக்கொண்டார் என்று சொல்லலாம். 'அபூர்வ சகோதரர்கள்' வில்லன், 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தின் அவிநாசி, 'அவ்வை சண்முகி'யின் ஒப்பனைக் கலைஞர் ஜோசப் எல்லாம் இந்த வரிசை. கமல் தயாரித்த 'மகளிர் மட்டும்' (1994) படத்தில் நாகேஷுக்கு வசனமே கிடையாது. பிணமாக நடித்தார்! முதலாளியைக் கொன்றுவிட்டோம் என்று பயந்த ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் ஆஸ்பத்திரியிலிருந்து தவறான பிணத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். தூக்கினால் தலை ஒரு பக்கம் சாயும், உட்காரவைத்தால் கை நழுவும். கண்ணிமை அசையக்கூடாது, உடம்பின் எடை மட்டும் உண்மையாக விழ வேண்டும். அறுபது வயதில் இதைச் செய்துவிட்டு அரங்கைக் குலுங்கவைத்தார். நடிப்புப் பயிலும் எவரும் அந்தக் காட்சியை ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பார்க்க வேண்டும்.

அதே ஆண்டில்தான் 'நம்மவர்'. கே.எஸ்.சேதுமாதவன் இயக்கிய அந்தப் படத்தில் அவர் பேராசிரியர் பிரபாகர் ராவ். மகள் தற்கொலை செய்துகொள்கிறாள். அவள் உடலுக்குப் பக்கத்தில் அந்தத் தகப்பன் புத்தி தடுமாறிப் பேசுகிறான். சிரிப்பும் அழுகையும் எங்கே பிரிகின்றன என்று சொல்ல முடியாது. மகளிடமிருந்து பதில் வராது என்று தெரிந்தும், வந்துவிடும் என்பதுபோல் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் நிற்கிறார். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அவருக்கு அந்த வேடத்துக்காகக் கிடைத்தது. திரையில் ஏறி 35 ஆண்டுகளுக்குப் பிறகு! பத்ம விருது எதுவும் கடைசிவரை வரவில்லை. தருமி, மாது, வைத்தி, செல்லப்பா நால்வரும் ஐந்தே ஆண்டுகளுக்குள் வந்தவர்கள். அந்த ஐந்து ஆண்டுகளிலேயே ஒரு நாடு ஒரு கலைஞனை அடையாளம் கண்டிருக்க வேண்டாமா? நகைச்சுவையை இரண்டாம் தரமாகப் பார்க்கும் பழக்கம் நம் விருதுக் குழுக்களிடம் மட்டுமல்ல, நம்மிடமும் இருக்கிறது.

'தசாவதாரம்' (2008) வெளியானபோது அவருக்கு வயது 74. 2009 ஜனவரி 31 அன்று சென்னையில் காலமானார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

அவருடைய சபா நாடகங்களைப் படம் பிடித்து வைக்க அன்று யாருக்கும் வசதியில்லை. இன்று மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அதே சபாக்களில் நாடகம் நடக்கிறது. வேலை முடிந்து ஒத்திகைக்கு வருகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள், ஆபீஸ் மட்டும் ஓ.எம்.ஆர். பக்கம் போய்விட்டது. அவர்கள் கையில் செல்போன் இருக்கிறது. ஒவ்வொரு நாடகத்தையும் ஒரு முறையாவது முழுமையாகப் பதிவு செய்து பத்திரப்படுத்தும் வேலையைச் சபாக்களும் குழுக்களும் இந்த ஆண்டே தொடங்கலாம். அடுத்த வயிற்றுவலி நோயாளி எந்த மேடையில் மூன்று நிமிடம் வந்துபோகிறார் என்று நமக்குத் தெரியாதே.